இரண்டே இடத்தில் வரும் சொல்

ஏற்காட்டில் மூன்றாம் நாள் மழை.
தானியேல் இரண்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனத்தில்
வண்டி நின்றுவிட்டது.
மொழிபெயர்க்க மூன்று பேர், தட்டச்சு செய்ய நான்.
நாற்காலிகள் ஐந்து.
ஐந்தாவதில் ஈரக் குடைகள் உட்கார்ந்திருந்தன.

அஸ்தா.
வேதாகமம் முழுக்கத் தேடினாலும்
இரண்டே இடத்தில்தான் வருகிறதாம்.
அதுவும் அதே ராஜாவின் வாயில்,
அதே கோபத்தில்.
"அஸ்தம்பட்டிக்குப் பக்கமா?" என்றார் சிஸ்டர் அமலோற்பவம்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் அஸ்தம்பட்டிக்காரி,
வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

பாஸ்டர் எலியாப் சொன்னார்:
அதன் வேர் 'போ' என்பது.
கனவு என்னைவிட்டுப் போயிற்று என்கிறான்.
பாவம், விடிந்ததும் மறந்துவிட்டது அவனுக்கு.

பேராசிரியர் ஞானாபரணம் கண்ணாடியைக் கழற்றினார்
(கழற்றினால் ஒரு மணி நேரம் ஆகும் என்று பொருள்).
வேர் அரமேயமே அல்ல,
பாரசீகத்திலிருந்து வந்து தங்கிய சொல்.
உறுதி என்று அர்த்தம்.
என் வார்த்தை உறுதி என்கிறான்.
ஒன்றையும் மறக்கவில்லை அவன்.
கனவை மடியில் கட்டிக்கொண்டே கேட்கிறான்,
ஜோசியர்களின் மடியில் கனம் இருக்கிறதா என்று.

காபி ஆறியது.
மூடுபனி முதலில் சில்வர் ஓக் மரங்களைத் தின்றது,
பிறகு அவற்றில் ஏறிய மிளகுக் கொடியை,
பிறகு ஜன்னல் தாண்டி உள்ளே வந்து
தடித்த அகராதியின் மேல் கை வைத்தது.
என் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன.
ஒரு ராஜா மறந்தவனா, பிடிவாதக்காரனா
என்று தெரியாமல்
அடுத்த எழுத்தைத் தட்ட முடியாது.

நேற்று மாலை
ஏரிப் பக்கத்துத் தபால் பெட்டியில்
அண்ணன் ஆசீருக்கு ஒரு கடிதம் போட்டேன்.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
கையெழுத்துப் போட மாட்டேன்,
வீடு குட்டிச்சுவராய்ப் போனாலும் சரி.

ராஜாவும் அதைத்தான் சொல்கிறான்.
கனவைச் சொல்லாவிட்டால் உங்களைத் துண்டுபோடுவேன்,
வீடுகளைக் குப்பைமேடாக்குவேன்.

இன்று காலை பல் தேய்க்கும்போது யோசித்தேன்,
ஆசீர் அன்றைக்கு அப்படி என்னதான் சொன்னான்?
மாதுளை மரத்தைப் பற்றி ஏதோ.
இல்லை, தையல் மிஷினைப் பற்றி.
தொண்டையில் சூடு இருக்கிறது,
வாக்கியம் இல்லை.
பெட்டியை ஏழு மணிக்கே திறந்திருப்பார்கள்.
பை இந்நேரம் மலை இறங்கிக்கொண்டிருக்கும்.
இருபதாவது கொண்டை ஊசி வளைவு, பத்தொன்பது,
பதினெட்டு...

"நீ என்னம்மா நினைக்கிறாய்?"
சிஸ்டர்தான் கேட்டார், களைப்பில்.

"போச்சு" என்றேன்.
மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.
எங்கள் பக்கத்தில் தொலைந்தாலும் போச்சு,
உத்தரவு கிளம்பினாலும் போச்சு.
தாசில்தார் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் போச்சு என்றால்
யாரும் தேட மாட்டார்கள், ஓடுவார்கள்.

"சபையில் வாசிக்க முடியாது, கொச்சை" என்றார் பாஸ்டர்.
பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு ஓட்டெடுப்பு. இரண்டுக்கு ஒன்று.
'உறுதி' மேலே.
'போயிற்று' அடிக்குறிப்பில்,
நட்சத்திரம் போட்டு, எறும்பு எழுத்தில்.
அதையும் நான்தான் தட்டினேன்.

இரவு எட்டு மணிக்கு மழை விட்டது.
பாறை விளிம்பில் மட்டும் சிக்னல் கிடைக்கும் என்றான் வாட்ச்மேன்.
கீழே சேலம்,
கொட்டிய பொரி மாதிரி விளக்குகள்.
எது அஸ்தம்பட்டி என்று தேடினேன்.
இரும்பாலைப் பக்கமா, இந்தப் பக்கமா,
மேலே இருந்து பார்த்தால்
பிறந்த ஊரும் அடையாளம் சொல்வதில்லை.

கடிதம் வரும், பிரிக்காதே என்பதா?
பிரி, ஆனால் நம்பாதே என்பதா?
எண்ணை அழுத்திவிட்டேன்.
ஈரப் பாறையில் செருப்பு வழுக்குகிறது.

ரிங் போகிறது.