மூன்றாவது விலை

லிந்துலை தாண்டி இரண்டாவது வளைவில்
பர்ஸான் வேனை நிறுத்தினான்.
தலைவரின் பங்களா. ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்களாம்.
வவுனியாவிலிருந்து வந்த பதினோர் ஆசிரியர்கள்
மூத்திரம் போக இடம் தேடியபடியே இறங்கினோம்.

பலகையில் இரண்டு விலைகள்.
உள்நாட்டவர் நூறு ரூபா,
வெளிநாட்டவர் ஆயிரத்து ஐந்நூறு.
கம்பிக்குப் பின்னாலிருந்தவர்
என் தமிழைக் கேட்டு, முகத்தைப் பார்த்து,
"அட்டை?" என்றார்.
நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பினார்.
நூறு ரூபாவுக்கு நான் உள்நாட்டவள்.

கணக்கு டீச்சர்;
விலைப்பட்டியல் கண்டால் மனம் தானாகக் கூட்டும்.
அம்மாவையும் கூட்டி வந்திருந்தால்?
இதே மலையில் பிறந்தவள்,
எந்த நாட்டுப் பதிவிலும் இல்லாமல்
எழுபத்தேழில் லொறி ஏறும்வரை கொழுந்து பறித்தவள்,
அவளுக்கு எவ்வளவு வெட்டியிருப்பார்?
பலகையின் அடியில் இன்னொரு வரிக்கு
இடம் இருந்தது, ஒரு சாண்.

வழிகாட்டி குலதுங்க நல்ல மனிதர்.
எனக்காகத் தமிழை உடைத்து உடைத்துப் பேசினார்.
"இது ஐயா தூங்கின கட்டில். இது ஐயா குடிச்ச கோப்பை."
கப்பலில் வந்த குளியல் தொட்டி
நாலு சிங்கக் கால்களில் நின்றது.
ரெஜினோல்ட் சேர் உள்ளே எட்டிப் பார்த்து
"பல்லி" என்றார்.

மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு பேனா.
"சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாத்துக்கும் இதாலதான் சைன்."
எல்லாத்துக்கும்?
"எல்லாத்துக்கும், மிஸ்."
நிப்பில் காய்ந்திருப்பது நீலமா கறுப்பா என்று குனிந்தேன்.
என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்தது.
கைக்குட்டையால் துடைத்தார். கோபிக்கவில்லை.

பின்வாசலில் ரோஜாப் பாத்தி, வேலி, அப்புறம் தேயிலை.
படங்குச் சாக்கு கட்டிய ஒருத்தி நிமிராமலே கேட்டாள்:
"உள்ள என்னாங்க இருக்கு?"
பதினாறு வருசமாக இந்த நிரையில்தானாம்.
"கட்டில். குளிக்கிற தொட்டி. ஒரு பேனா."
"அம்புட்டுத்தானா," என்று சிரித்தாள்.
கை நிற்கவில்லை.

மழை பிடித்தது. பர்ஸான் ஹோர்ன் அடித்தான்.
நானுஓயா ஸ்டேஷன் கடக்கையில்
பின் சீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்:
"மிஸ், அட்டை!"
பதறிக் கைப்பையைத் திறந்தேன். பத்திரமாக இருந்தது.
அவர்கள் என் காலைக் காட்டினார்கள்.

கணுக்காலில், குடித்து உருண்டு,
புளியங்கொட்டை அளவு.
ரெஜினோல்ட் சேர் உப்புத் தேடினார்.
வலி என்று எதுவும் இல்லை.
இரத்தம்தான்
தம்புள்ளை வரைக்கும் நிற்கவில்லை.