இடது காது

இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து
மூக்கில் ஏற்றியதை
மறுநாளே அது இறங்கத் தொடங்கிவிட்டது.

குனிந்தால் இறங்கும்.
சிரித்தால் கன்னம் முட்டி மேலே எழும்பும்.
ஒருமுறை தும்மியதில்
கொதிக்கிற சாம்பாருக்குள் போக இருந்தது,
கரண்டியால் தடுத்தேன்.

என் வேலையோ குனிகிற வேலை.
ராயப்பேட்டையில், மருந்துக்கடைக்கு மேல்மாடி லேப்.
நவம்பர் வந்தால் டெங்கு வரும்,
ஒரு நாளைக்கு அறுபது ரத்தம்.
மெஷின் சொல்வதை நம்பாத டாக்டர்களுக்காக
மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து
பிளேட்லெட் எண்ணுவேன்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
டக்.
வழுக்கி வந்து இடித்துவிடும்.
மறுபடி ஒன்றிலிருந்து.
கீழே பெஞ்சில் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா
என் மூக்கு வேர்வை தெரியாமல்
கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்து ஏசிக் கதவைத் திறந்தால்
முழுக்க வெள்ளை.
பத்து எண்ணும்வரை சென்னை கிடையாது.
பிறகு ஓரத்திலிருந்து ஓர் ஆட்டோ முளைக்கும்,
டீக்கடை பாய்லர், நனைந்த போஸ்டர்,
வடிகாலுக்கு வெட்டிப்போட்ட பள்ளம்
எப்போதும் கடைசியில்தான் தெரியும்.

ரப்பர் பேண்ட் சுற்றிப் பார்த்தேன், முடியைப் பிடுங்கியது.
லேப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டினேன்
(கணக்கில் எழுதவில்லை),
காதுக்குப் பின்னால் புண் வந்தது.
"உன் மூக்குல யாரோ
மேற்கோள் குறி போட்டிருக்காங்க பெரியம்மா"
என்றாள் மிர்த்துளா, நாலாம் வகுப்பு.

திருவல்லிக்கேணிக் கடைக்கு மூன்றாவது தடவை போனேன்.
முதல் தடவை சூடு காட்டி வளைத்திருந்தார்.
இரண்டாம் தடவை மூக்குப் பட்டை மாற்றினார், எண்பது ரூபாய்.
இந்தமுறை ஒன்றும் பேசாமல்
கண்ணாடியைக் கவிழ்த்து
மேசைமேல் வைத்தார் தஸ்தகீர்.
"ஆடுதா பாருங்க?
ஆடல. பிரேம் கரெக்டு."
ஒரு ஸ்கேலை எடுத்து என் புருவத்துக்குக் குறுக்கே பிடித்து
ஒரு கண்ணை மூடி,
கொத்தனார் சுவர் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"உங்க காதுதான் மேடம்.
இடது காது எறங்கியிருக்கு."
"எவ்ளோ?"
"அஞ்சு மில்லி இருக்கும்."

நாற்பத்தோரு வருஷம்.
காது குத்திய ஆசாரி சொல்லவில்லை.
பெண் பார்க்க வந்த ஏழு குடும்பங்கள்
நிறம், உயரம், மேல்பல், நடை என்று
ஒவ்வொன்றாய் எடுத்துச் சொன்னார்களே,
ஒருவராவது காதுவரை வந்தார்களா?
கட்டிக்கொண்டவர்
பதினாறு வருஷமாய் அந்தக் காதில்தான்
குறட்டை விடுகிறார்.

"எல்லாருக்கும் உண்டு மேடம், எனக்கு வலது"
முடியை ஒதுக்கிக் காட்டினார்.
ஆமாம். நன்றாகவே தெரிந்தது.

பிறகு சூட்டில் வைத்து
நேராய் இருந்ததைக் கோணலாக்கினார்.
மேசையில் இப்போது ஆடியது,
வாடகை வீட்டு நாற்காலிபோல.
முகத்தில் போட்டேன், நின்றது.
காசு வேண்டாம் என்றார்.
எனக்குத்தான் கொடுக்காமல் வர மனமில்லை.
ஒரு துடைக்கும் துணி வாங்கினேன்.

பறக்கும் ரயிலில் எதிர் வரிசை முழுக்கக் காதுகள்.
பேனா செருகிய காது, கம்மல் இழுத்த காது,
ஹெட்போன் ஒரு பக்கம் சாய்ந்த பையன்,
தூங்கித் தூங்கி மடங்கிப்போன ஒரு செக்யூரிட்டியின் காது.
யாருக்கும் ஜோடி சேரவில்லை.
நான் பார்ப்பதைப் பார்த்த ஒரு பெண்
முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.
பாவம், எப்படிச் சொல்ல?

வீட்டில் மிர்த்துளா எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.
"ஆடுது பெரியம்மா. உனக்கு மட்டும்தான் நிக்கும்போல."
வாங்கி மாட்டிக்கொண்டு
அடுப்பிலிருந்து சாம்பாரை இறக்கக் குனிந்தேன்.
கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது.
வேர்வை மட்டும்
அதைத் தாண்டி இறங்கிப் போனது.