இருபத்திரண்டு நிமிடம்

பதினெட்டு வெள்ளி அந்தத் தட்டு.
சவரிநாதன் பத்து போட்டான், மீதி நான்.
அட்டையில் ஒரு கிரகம்;
அதன்மேல் எங்கும் போகாத படிக்கட்டு.

முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
ஆர்கன் ஏறும். தாளம் ஐந்தாகும், ஏழாகும்,
விரல்விட்டு எண்ணித் தோற்போம்.
தோற்றதில் ஒரு பெருமை.
பீடோங்கில் வேறு எவனுக்கும்
இது விளங்காது என்பதில்
இன்னும் கொஞ்சம்.

தோட்டத்து ஜெனரேட்டர் பத்து மணிக்கு நின்றுவிடும்.
தட்டு முனகி முனகி இறங்க,
மிச்ச நான்கு நிமிடத்தை
இருட்டில் நாங்களே வாயால் முடித்துவைப்போம்:
அவன் டிரம், நான் மற்றதெல்லாம்.
பக்கத்து வீட்டிலிருந்து
பலகைச் சுவரில் ஒரு குத்து விழும்.
ஞாயிறு பகலில் கேட்கும் நிஜ முடிவு
எங்களுடையதைவிடச் சுமார்தான்.
அதை அன்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது மின்சாரம் நிற்பதில்லை.
பாட்டும் நிற்பதில்லை.

மகள் கல்யாணப் பத்திரிகையோடு
பாசிர் கூடாங்கிலிருந்து வந்திருந்தான்.
கேட்காமலே போட்டேன்.
ஆறாம் நிமிடம் கைப்பேசியைப் பார்த்தான்.
ஒன்பதில்,
"அப்பவும் இவ்வளவு நேரமா
இந்த ஆளு இதையே வாசிச்சான்?"

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
கொட்டாவி வந்தது.

பதினொன்றில் ஊசியைத் தூக்கினேன்.
மேட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி
கியர் மாற்றி, திணறி,
மறுபடி மாற்றி ஏறியது.
அது மேலே போய்ச் சேரும்வரை
இருவரும் பேசவில்லை.