பதினேழாவது இழை

ஓலுவில் காலை ஒன்பதரை. வெளியே இன்னும் இருட்டு.
நகரத்தின் வெந்நீர்க் குழாய்களைக் கவனிக்கும் நிரல்
இந்த வாரத்தில் ஆறாம் முறையாக விழுந்துவிட்டது.
கம்பளிக் காலுறையோடு நாற்காலியில் சம்மணமிட்டு
அது விழுந்த கணத்தைப் பிரித்துப் படிக்கிறாள் கைஸ்லா.

பட்டியலில் பதினேழு இழைகள்.
எண்ணினால் பதினாறு.

தூங்குபவனை எழுப்பலாம்,
தூங்குவதாய் நடிப்பவனை முடியாது.
இது தெரிந்ததுதான்.
மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான்:
முப்பது நொடி கண்ணயர்ந்து
எழுந்து, வேலை முடித்து,
யாரிடமும் சொல்லாமல் போய்விட்டவன்.
எண் மட்டும் பட்டியலில்.
தூங்குகிறான் என்றே நினைத்து
அந்த எண்ணுக்கு ஒரு சிக்னல்.
கதவே இல்லாத இடத்தில் தட்டியதில்
வீடு மொத்தமும் சரிந்தது.

"நான் உட்கார்ந்து பார்த்தபோது விழவேயில்லையே"
என்கிறான் ஹெய்மோ.
"நீ பார்த்தால் எல்லாம் மெதுவாகிறது.
அவன் கிளம்புவதற்குள் தட்டிவிடுகிறார்கள்."

நான்கு வரி சேர்க்கிறாள்:
பூட்டைப் பிடி,
உன் எண்ணை நீயே அடி,
பூட்டை விடு,
போ.
மேலே ஒரு குறிப்பு, பின்னால் வருகிறவர்களுக்கு:
சொல்லிக்கொண்டு போகவும்.

சுவரோரம் ரேடியேட்டர் டக்கென்றது.
இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.