எண்ணூற்று நாற்பது அடி

தண்ணீர் வரவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தவர் எல்லோருக்கும்
கடைசியில் தண்ணீர் வந்திருக்கிறது.

மூலனூருக்குத் தெற்கே மூன்றரை ஏக்கர் முருங்கை.
விலை விழுந்த வருடம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல்
மரத்திலேயே நெற்றாக விட்டோம்.
அப்புறம் கிணறு நின்றது.
அப்புறம் பழைய போர்,
இரண்டு நாள் இருமிவிட்டு.

செங்கோட்டு வண்டி இரண்டு வந்தன.
ஒன்றில் கம்பம், ஒன்றில் கம்ப்ரசர்.
எலுமிச்சம்பழம் இருக்குதுங்களா என்றார் மேனேஜர் நாச்சிமுத்து.
நாங்க ஜெபம் பண்ணிக்கிறோமுங்க என்றாள் எப்சிபா.
"செஞ்சுக்குங்க்கா. டயருக்கு நான் வெச்சுக்கறேன்."

நான் செய்தது ஜெபமல்ல, கொட்டேஷன்.
முந்நூறு அடியில் ஒன்றரை இஞ்ச் போதும் ஆண்டவரே,
அறுநூறுக்குப் போனால் இரண்டு,
வந்தால் கட்டட நிதிக்குப் பத்தாயிரம்,
இரண்டு தவணையில்.

ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கினார்கள்.
முந்நூறுக்கு மேல் அடிக்கு ஒரு விலை,
ஐந்நூறுக்கு மேல் வேறு விலை.
கல்மாவு எழுந்தது.
எங்கள் தலையில், நாயின் முதுகில்,
முருங்கை இலை ஒவ்வொன்றிலும்.
ஒரு ராடு இறங்கும்போதெல்லாம்
சத்தீஸ்கர் பையன் ஒருவன் விரல் காட்டுவான்.
நான் அவள் கழுத்தில் மிச்சமிருந்த பவுனைக் கணக்கிடுவேன்.

நாற்பத்திரண்டாவது ராடு.
ஈரப்பசைகூட இல்லை.
நாச்சிமுத்து என் காதில் கத்தினார்:
"இன்னொரு நூறு போட்டுப் பாக்கலாமுங்களா?
நெகமத்துப் பக்கம் ஒருத்தருக்கு ஆயிரத்துல வந்துச்சுங்க!"

எல்லோருக்கும் ஓர் ஊர் தெரியும்,
ஆயிரத்தில் வந்த ஊர்.
எனக்குத் தெரிந்த ஊர் வனாந்தரத்தில் இருக்கிறது,
கோலால் அடித்த கன்மலையின் பக்கத்தில்.

தரிசனம் ஒன்றும் இல்லை.
குரலும் இல்லை, அந்தச் சத்தத்தில் எது கேட்கும்?
மூக்கடைத்து நின்றபடி
எப்படியோ தெரிந்துவிட்டது:
ஆறு மாதமாக விசுவாசம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது
இந்த இன்னொரு நூறு அடியைத்தான்.

"போதுமுங்க" என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
கையை ஆட்டினேன்.

கம்ப்ரசர் நின்றது.
காதுக்குள் மட்டும் அது தனியாகக் கொஞ்சதூரம் ஓடி
ஆளில்லையென்று கண்டு நின்றது.
அப்புறம் காற்றாலைகள்,
வானம் முழுக்கச் சிவப்பு விளக்கோடு.
அவை இத்தனை நேரமும் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

பயம் வரும் என்று காத்திருந்தேன்.
வட்டியை, காங்கயத்துப் பைனான்ஸ்காரரை,
மகளின் இரண்டாம் வருட ஃபீஸை
பேர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன்.
எல்லாம் வந்தன.
வந்து, வரப்பில் நின்றுகொண்டன.

எப்சிபா செருப்பைக் கழற்றித் தட்டினாள்.
எவ்வளவு ஆச்சு என்றாள். சொன்னேன்.
கொஞ்சநேரம் குழியையே பார்த்தாள்.
"சரி, எந்திரிங்க. படுக்கலாம்."

அமராவதியில் மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.
படகு எங்களுக்குப் படத்தில்தான்.
ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் அந்தப் படகை நடத்தியிருக்கிறேன்.
அவர் எழுந்ததை, அதட்டியதை, கடல் அடங்கியதை
சார்ட் ஒட்டி, குரலை மாற்றி.
தூங்கியதை நடத்தியதே இல்லை.
காற்று அடிக்கும்போதே, தலையணை வைத்து,
அவர் தூங்கியதை.

கல்மாவோடு அப்படியே படுத்தேன்.
விடிந்தபோது தலையணையில்
என் தலை வெள்ளையாக அச்சடித்திருந்தது.

வண்டிகள் போன பிறகு,
யூரியா சாக்கால் குழாயின் வாயைக் கட்டுவதற்கு முன்
எப்சிபா ஒரு கல்லை உள்ளே போட்டாள்.
இருவரும் காதை வைத்துக் குனிந்தோம்.
தட்டித் தட்டி அது இறங்கிக்கொண்டிருந்தது.
எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு எழுந்தேன்.
"புதன்கிழமை ராத்திரி தூங்குனேனுங்க."
மீதிக்காகக் காத்திருந்தார்கள்.
"தண்ணி?" என்றார் பின்வரிசையில் யாரோ.
டேங்கர் சாயங்காலம் வரும் என்று சொல்லிவிட்டு
உட்கார்ந்தேன்.