ஆனித் தேருக்கு மின்தடை

இந்த ஊரை எனக்குக் கம்பத்தின் மேலிருந்துதான் தெரியும்.
ஏணி சாய்த்த உயரத்தில்
மச்சு வீடுகளின் முதுகு தெரியும்.
பெயர்ப்பலகைக்குப் பின்னால் கழற்றாமல் விட்ட
பழைய பெயர்ப்பலகை தெரியும்:
ஜவுளிக்கடைக்குள் ஒரு பாத்திரக்கடை,
பாத்திரக்கடைக்குள் ஒரு நாட்டுமருந்துக்கடை,
அதற்கும் உள்ளே சுண்ணாம்பில் அரை எழுத்து.
அது யாருடைய பெயரின் மிச்சம் என்று
கேட்டுப் பார்த்தேன். வாடகைக்கு இருப்பவர்கள் சிரித்தார்கள்.

காலை ஐந்தரை.
பிரேக்கர் இறக்கியாச்சு என்று போன் வந்த பிறகும்
பீர் மைதீன் எர்த் ராடு மாட்டாமல் கை வைக்க மாட்டான்.
"தேரை நம்பலாம் வே, போனை நம்பப்படாது."
கீழ ரத வீதியில் அவன், தெற்கில் நான்,
வாகையடி முக்கில் ஜெபசிங்.
பேட்டை ஐ.டி.ஐ. முடித்து வந்து ஒரு வருஷம்தான்,
கையுறையோடு டீ குடிக்கிறவன்.

எந்த ராஜா காலத்துத் தேரோ,
எங்கள் ஆபீசில் அதற்கு ஒரு கோப்பு உண்டு.
கலசமில்லாமல் எத்தனை அடி,
கலசத்தோடு எத்தனை,
குடை விரித்தால் எத்தனை.
மூன்றாவது எண்ணை யாரோ
பென்சிலால் திருத்தியிருக்கிறார்கள்.

கம்பி கம்பியாக அவிழ்த்தோம்.
நகைக்கடைகள் ஜெனரேட்டரை உறுமவிட்டன.
ஐஸ் கம்பெனிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார்.
அல்வாக்கடையில் யாரும் கேட்கவே இல்லை,
விறகுக்கு மீட்டர் கிடையாது.
பள்ளிக்கூடம், கருவூலம், கூட்டுறவு வங்கி எல்லாம் பூட்டு,
உள்ளூர் விடுமுறை.
விடுமுறை இல்லாதவர்கள் நாங்களும் போலீசும்
செருப்புக்குக் காவல் இருப்பவரும்.

தெற்கு ரத வீதி, பதினாறாவது கம்பம்.
சர்வீஸ் ஒயருக்குக் கையை நீட்டினேன்.
இல்லை.
மாடி ஜன்னலில், பல்லில் நூலோடு ஒரு பெண்:
"அங்க என்னத்தத் தேடுதீய?
வைகாசியிலயே நீங்கதான கழட்டிட்டுப் போனீய."

ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
பெயர் கோமு. கடைசி மூன்று இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
ஆட்களை நான் அப்படித்தான் ஞாபகம் வைக்கிறேன்.

அவள் மெஷினில் மோட்டார் இருந்த இடம் மட்டும்
வெளுக்காமல் கறுப்பாக இருந்தது.
"தேருக்கு முப்பத்தெட்டு ரவிக்கை.
அம்புட்டையும் மிதிச்சேதான் தச்சேன்.
கீழ பாருங்க, வடம் பிடிக்க பொம்பளையள்ல
பாதிப் பேரு முதுகு எங் கையில வந்தது."
பார்த்தேன். ஒரு பச்சை முதுகு,
நனைந்து, வடத்தோடு சாய்ந்து, நிமிர்ந்தது.

தேர் வந்தது.
முக்கில் திரும்பாமல் நின்றது.
தடி போடுகிறவர்கள் சக்கரத்தடியில் கத்தினார்கள்,
மேலே மணி அடித்தது,
வடம் ஒருமுறை அறுந்தது.
ஒன்றரை மணி நேரம்
மரத்து யாளி ஒன்று அவள் ஜன்னலுக்கு நேரே நின்றது.
அவள் அதைப் பார்த்தபடியே ஒரு கொக்கி தைத்து
நூலைக் கடித்துத் துப்பினாள்.
"இன்னைக்கு நாலு வீதியும் எங்க வீடுதான்,
பாத்துக்கோங்க."

நான் பதில் சொல்லவில்லை.
கம்பத்தில் கட்டிய இடுப்புக் கயிறு இறுக்கியது.

தேர் நிலைக்குப் போக ஆறு மணி ஆயிற்று.
அவிழ்த்ததை எல்லாம் திரும்பக் கட்டினோம்,
ஜெபசிங்கின் கையுறை எங்கோ கூட்டத்தில் போய்விட்டது.
ஏழு நாற்பதுக்கு லைன் ஏறியது.
ஒரு தெரு முழுக்க மிக்ஸிகள் ஒன்றாய்க் கத்தின,
ஏதோ சீரியல் பாதியிலிருந்து அழுதது.
பதினாறாவது கம்பத்துக்கு எதிரே ஒரு ஜன்னல் அளவு இருட்டு.
உள்ளே மிதிக்கிற சத்தம்.
தேர் முடிந்த பிறகும் யாருக்குத் தைக்கிறாளோ.

ஏ.இ. கேட்டார்: "எல்லாம் குடுத்தாச்சா?"
"குடுத்தாச்சு சார்."

பதிவேட்டில் கடைசிக் கட்டம், விடுபட்டவை.
இல்லை என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.