வளையும் இடம்

ஆம்பூர் கம்பெனியில் ஒன்பது வருஷமாய்
ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
எது எங்கே விடும் என்று கேட்டால்
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
வளையும் இடத்தில்.
விரல் மடங்கும் கோடு, நாக்கு சேரும் மூலை.
தோல் தாங்கும். தையல்தான் முதலில் வாய் பிளக்கும்.

அதனால்
குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்
முஜம்மில் கடையில் இயர்போன் கேட்டபோது
அவன் பேஸ் என்றான், எக்ஸ்ட்ரா பேஸ் என்றான்,
அட்டையில் மின்னல் வெட்டும் படத்தைக் காட்டினான்.
நான் ஒயரின் கழுத்தைப் பிடித்தேன்.
ஜாக்கோடு அது சேரும் இடத்தில்
ரப்பர் சட்டை போட்டிருக்கிறதா,
மடக்கினால் மடங்குகிறதா, முறுக்குகிறதா.
"இன்னாக்கா, மாப்ள பாக்கற மாரி பாக்கறே."
மாப்பிள்ளையை யார் என்னை
இப்படித் திருப்பிப் பார்க்க விட்டார்கள்.

நூற்றைம்பதுக்கு வாங்கிய ஆறும்
இடது காதில்தான் செத்தன.
ஆறாவதைப் பிளேடால் சீவி, டேப் சுற்றி,
கட்டைவிரலால் ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்தால்
மாதனூர் வரைக்கும் பாட்டு வரும்.
வேகத்தடையில் போய்விடும்.

நூல் பின்னிய ஒயர், முழங்கை மாதிரி மடங்கிய ஜாக்,
முந்நூற்று எண்பது.
பையைத் திறந்துகொண்டே சொன்னேன்,
போனும் சரியில்லை தம்பி.
இடமில்லை இடமில்லை என்கிறது.
உள்ளே என்ன பெரிய சொத்து,
எண்ணூறு ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்,
வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அம்மன்.
சார்ஜர் பின்னைத் தூங்கும் குழந்தை மாதிரி
அசைக்காமல் கிடத்தினால்தான் ஏறுகிறது.
ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு
என் கன்னமே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டது.
அம்சவேணி என்று எழுதினால்
அசைவம் என்று திருத்துகிறது.
அப்புறம், பெரிதாய் ஒன்றுமில்லை,
அந்த அம்சவேணியின் குரல் மட்டும்
ரொம்பச் சன்னமாய் வருகிறது.

மீதியை அவனிடம் சொல்லவில்லை.
அவள் என் தங்கை. ஆடியில்
ஒரு ஆரம் விஷயமாய்ப் பேச்சு வளர்ந்தது.
அன்றிலிருந்து சேண்பாக்கத்திலிருந்து கூப்பிட்டால்
கிணற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி.
நம்மோடு பேச அவளுக்கு வாய் வலிக்கிறது,
சரி, எனக்கும் வலிக்கட்டும் என்று
ம், ம், சரி வெச்சிடு.
மற்றவர்களை ஸ்பீக்கரில் போடுவேன்.
அவளை மட்டும்தான்
காதில் வைத்துக் கேட்பேன்.

முஜம்மில் விளக்கைக் கிட்டே இழுத்தான்.
தேய்ந்த டூத்பிரஷ், ஒரு ஊசி,
மூக்கில் ஏறுகிற ஏதோ ஒரு துளி.
காது வைக்கும் சல்லடையிலிருந்து
பழுப்பாய், நகக்கண் அளவு உருண்டு வந்தது
தோல் தூள்.
எனக்குத் தெரியாத பழுப்பா.
ஆடி முழுக்க ஓடிய ஜெர்மன் ஆர்டர்.
சார்ஜர் ஓட்டையில் இன்னும் கொஞ்சம்.
"இத்த வெச்சி ஒரு செருப்பே தெக்கலாங்கா."

அங்கேயே நின்று போட்டேன்.
இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.
"இன்னாக்கா!"
கடையிலிருந்த நாலு பேர் திரும்பினார்கள்.
"கேக்குதா? இப்பவாச்சும் கேக்குதா?
நாலு மாசமா கத்திக்கினு கீறேன்,
ம், ம்முன்னே வெச்சிடறே.
எம் மேல இன்னா கோவம் உனுக்கு?"

ஆரம் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.
அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பேசவேண்டும்,
விடுவதாய் இல்லை.
காதிலிருந்து போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து
கேக்குதுடி, கேக்குது என்கிறேன்.
வால்யூமைக் குறைக்கக் கை போகவில்லை.
கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.
புது இயர்போன் இன்னும் அட்டைக்குள்.
சுத்தம் செய்த கூலிக்கு முஜம்மில்
ஐந்து விரலை விரித்துக் காட்டுகிறான்.
ஐம்பதா, இந்தத் தூளுக்கா,
பேரம் பேச
எனக்கு வாய் ஒழியவில்லை.